முதல் ஒரு சென்டிமீட்டர்

எரிபொருள் மின்கலத்துக்குக் கணித மாதிரி எழுதுகிறவர்கள் கருத்தரங்கில் முதலில் போட்டுக் காட்டுவது அநேகமாக ஒரே படம்தான். கிடையாக மின்னோட்டம், நெட்டாக மின்னழுத்தம். சோதனைச் சாலையில் அளந்த புள்ளிகள் சிறு சிறு வட்டங்களாக இருக்கும். கணக்கிலிருந்து வந்த கோடு அந்த வட்டங்களையெல்லாம் துளைத்துக்கொண்டு ஓடும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், கூட்டமும் தலையாட்டும். கேள்வி நேரத்தில் நான் எழுந்தால் கேட்பது ஒன்றுதான்: "வாயு உள்ளே நுழைகிற இடத்தில், முதல் ஒரு சென்டிமீட்டருக்குள், வெப்பநிலை எவ்வளவு இறங்குகிறது?" சிலர் சராசரி வெப்பநிலையைச் சொல்வார்கள். சிலர் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள்.

குறும்புக்காகக் கேட்பதில்லை. மீத்தேனை நேராக உள்ளே விடுகிற கலத்துக்கு ஆபத்து அந்த ஒரு சென்டிமீட்டரில்தான் குடியிருக்கிறது. மின்னழுத்தக் கோடு அதைப் பற்றி வாயே திறக்காது.

நான் சொல்வது திட ஆக்சைடு கலம். நடுவில் மெல்லிய பீங்கான் தகடு. சிர்கோனியாவில் கொஞ்சம் இட்ரியா கலந்து சுட்டது. 1890களின் கடைசியில் வால்தர் நெர்ன்ஸ்ட் தன் விளக்குக்கு இழையாகப் போட்ட கலவையும் ஏறக்குறைய இதுதான். இந்தப் பீங்கானை 700 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கினால் அதன் வழியே ஆக்சிஜன் அயனிகள் நடக்கத் தொடங்கும். ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் எரிபொருள். அயனி இந்தப் பக்கம் வந்து ஹைட்ரஜனோடு சேர்ந்து நீராவியாகும். விட்டுப்போகிற எலக்ட்ரான் வெளியே கம்பி வழியாகச் சுற்றிவரும். 1937இல் ஸூரிக்கில் பாவரும் பிரைஸும் 1000 டிகிரிக்குப் பக்கத்தில் இப்படி ஒரு கலத்தை ஓட்டிக் காட்டினார்கள். கொள்கை அன்றிலிருந்து மாறவில்லை.

சிக்கல் எரிபொருளில் இருக்கிறது. ஹைட்ரஜனை யாரும் வாசலில் கொண்டுவந்து ஊற்றுவதில்லை. குழாயில் வருவது மீத்தேன். அதை நீராவியோடு சேர்த்து நிக்கல் வினையூக்கியின் மேல் ஓட்டினால் ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கிடைக்கும். இதற்கு ரிஃபார்மிங் என்று பெயர். உர ஆலைகளில் இதற்கென்றே பெரிய உலை வைத்து வெளியிலிருந்து நெருப்புப் போடுகிறார்கள். ஏனென்றால் இந்த வினை வெப்பத்தை விழுங்கும்: ஒரு மோல் மீத்தேனுக்கு 206 கிலோஜூல். மின்கலத்தின் ஆனோடை, அதாவது எரிபொருள் பக்கத்து மின்முனையைப் பாருங்கள்: அதிலேயே நிக்கல் இருக்கிறது, வெப்பநிலை சரியாக இருக்கிறது, கலம் ஓடும்போது நீராவியும் உண்டாகிறது, வேண்டாத வெப்பமும் உண்டாகிறது. அப்புறம் தனி உலை எதற்கு? மீத்தேனை நேராக உள்ளே விட்டுவிடலாமே.

இந்த யோசனையின் கவர்ச்சியைக் காகிதத்திலேயே பார்த்துவிடலாம். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இந்தக் கணக்கைத்தான். கணினி தேவையில்லை. அறை வெப்பநிலை எண்களையே போடுங்கள். ஒரு மோல் மீத்தேன் முழுவதும் மாறினால் நான்கு மோல் ஹைட்ரஜன். அது எரிய வெளிப்படுவது 967 கிலோஜூல். கலம் 0.7 வோல்ட்டில் ஓடினால் அதில் 540 கிலோஜூல் மின்சாரமாகப் போய்விடும். மிச்சம் 427 கிலோஜூல் வெப்பம் கலத்துக்குள்ளேயே தங்கும், அதை வெளியேற்றியாக வேண்டும். ரிஃபார்மிங்கும் அதே கலத்துக்குள் நடந்தால், அடுத்து வரும் நீர்வாயு மாற்று வினை திருப்பித் தரும் 41 போக, 165 கிலோஜூலை அது உள்ளேயே குடித்துவிடும். வெளியேற்ற வேண்டியது 262தான். ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு வேலை புளோவருக்கு மிச்சம். உயர் வெப்பநிலைக் கலத்தில் காற்றை ஊதுவது மூச்சுக்காக மட்டுமில்லை, குளிர்விப்பதற்காகத்தான் பெரும்பகுதி. கலம் உண்டாக்கும் மின்சாரத்தில் ஒரு பங்கை அந்த புளோவரே தின்கிறது. அதனால் இந்த மிச்சம் சின்ன விஷயமில்லை.

இதுவரை எல்லாம் சுகம்தான். ஆனால் இந்தக் கணக்கு கலம் முழுவதற்குமான வரவுசெலவு. எங்கே வரவு, எங்கே செலவு என்று அது பிரித்துச் சொல்லாது. நிக்கல்மேல் ரிஃபார்மிங் அவசரக்காரன். மீத்தேன் நுழைந்த உடனேயே தனக்கு வேண்டிய வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். மின்வேதி வினை நிதானமாகக் கலத்தின் நீளம் முழுவதும் வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டு போகும். ஆக நுழைவாயிலில் குளிர்க்குழி ஒன்று விழும், கடைசியில் சூடு ஏறும். பீங்கானுக்கு இது ஆகவே ஆகாது. சிர்கோனியாவின் விரிவுக் குணகத்தையும் மீள்மையையும் போட்டுப் பெருக்கினால், விரியவும் சுருங்கவும் இடமில்லாமல் பிடித்துவைத்த தகட்டில் 50 டிகிரி வித்தியாசமே 100 மெகாபாஸ்கலுக்கு மேல் இழுவிசை கொடுக்கும். நல்ல தகடு இருநூறு முந்நூறு தாங்கலாம், ஆனால் பீங்கான் நல்ல தகடாக நடந்துகொள்வது அதன் மோசமான கீறலைப் பொறுத்தது. நான் வேலை செய்த ஒரு கூடத்தில் விரிசல் விட்ட தகடுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைத்திருந்தார்கள். விரிசல் தொடங்கிய இடம் பெரும்பாலும் எரிபொருள் நுழையும் ஓரம்தான்.

சராசரியை நம்பாதே என்பதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. மலேசியாவில் பிரிஞ்சாங்குக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள் நான். 1929இல் ரஸல் போ தோட்டத்தைத் தொடங்கி, சில வருஷத்தில் பாரத் தோட்டமும் வந்து, கேமரன் மலைச் சரிவெல்லாம் கொழுந்தாக மாறிய காலத்தில் என் கொள்ளுத்தாத்தா தலைமுறை அங்கே ஏறியது. அப்பாவுக்கு ரோலிங்கில் வேலை. பள்ளி விட்டு வந்தால் நாங்கள் விளையாடுவது பேக்டரி வாசலில். உள்ளே டிரையர் பெரியப்பா இருப்பார். உறவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் பெரியப்பா.

அந்த டிரையர் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு இரும்பு அறை. உள்ளே சங்கிலியில் கோத்த ஓட்டைத் தட்டுகள் வரிசை வரிசையாக நகரும். நொதித்த ஈரக் கொழுந்து உச்சித் தட்டில் விழும். தட்டு முனைக்குப் போனதும் கவிழ்ந்து கீழ்த் தட்டில் கொட்டும். இப்படியே இறங்கி இறங்கிக் கடைசியில் கருந்தூளாகக் கீழே வரும். விறகு அடுப்பின் சூடான காற்று அடியிலிருந்து மேலே போகும். காய்ந்த தூளுக்குச் சூடான காற்று, ஈரக் கொழுந்துக்கு ஆறிப்போன ஈரக் காற்று. பெரியப்பா கீழே கொட்டுகிற தூளைப் பார்ப்பது அபூர்வம். மேல் பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்து, கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுப்பார். உள்ளங்கையில் அழுத்துவார், முகர்வார். பிறகு அடுப்புக்காரரைப் பார்த்து ஒரு சத்தம்.

"கீழதானே பெரியப்பா காஞ்ச தூளு கொட்டுது, நீங்க ஏன் மேலயே பாக்குறீங்க?"

"கீழ கொட்டுறது முடிஞ்சுபோன கதை பாப்பா. தூளு கெடுறது மேல் தட்டுல."

அவர் சொன்னதன் இயற்பியல் பின்னாளில்தான் புரிந்தது. டிரையரிலிருந்து வெளியேறும் காற்று ஏறக்குறைய 50 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால், மேல் தட்டுக் கொழுந்து காய்வதற்குப் பதில் அவியும், நொதிப்பு நிற்காது. அடியில் சூட்டைக் கூட்டிவிட்டாலோ இலையின் மேல்தோல் முதலில் இறுகிவிடும். ஈரம் உள்ளே சிறைப்படும். இரண்டு விதமாகக் கெட்ட தூளும் கீழே வரும்போது ஈரப்பதம் மூன்று விழுக்காடுதான் காட்டும். அளவுமானி பாஸ் போட்டுவிடும், கோப்பையில் ஊற்றினால்தான் தெரியும்.

மின்னழுத்தமும் அந்த மூன்று விழுக்காடு மாதிரிதான்.

மாதிரி எழுதுவது எப்படி என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு வாய்க்காலை எடுத்துக்கொண்டு நீளவாக்கில் துண்டு துண்டாக வெட்டுகிறோம். ஒவ்வொரு துண்டிலும் மீத்தேன், நீராவி, ஹைட்ரஜன், இரண்டு கார்பன் ஆக்சைடுகள், மறுபக்கம் ஆக்சிஜன் என்று வருவதற்கும் போவதற்கும் கணக்கு எழுதுகிறோம். எரிபொருள் வாயுவுக்கு ஒரு வெப்பநிலை, காற்றுக்கு ஒன்று, பீங்கானுக்கு ஒன்று. நெர்ன்ஸ்ட் சமன்பாடு அந்தத் துண்டில் கிடைக்கக்கூடிய உச்ச மின்னழுத்தத்தைச் சொல்லும். அதிலிருந்து மின்தடைக்கும், வினையைத் தள்ளிவிடுவதற்கும், வாயு நுண்துளைக்குள் ஊர்ந்து போவதற்கும் ஆகிற இழப்புகளைக் கழிக்க வேண்டும். துண்டுகளையெல்லாம் ஓர் உலோகத் தகடு இணைப்பதால் எல்லாத் துண்டுக்கும் மின்னழுத்தம் ஒன்றே. மின்னோட்டம்தான் துண்டுக்குத் துண்டு மாறும். சூடான இடம் அதிகம் ஓட்டும், அதனால் இன்னும் சூடாகும். குளிர்ந்த இடம் சோம்பும். மின்னழுத்தத்தை ஊகித்து, மின்னோட்டத்தைப் பங்கிட்டு, வெப்பநிலையைக் கணக்கிட்டு, மறுபடி மின்னோட்டம், மறுபடி வெப்பநிலை என்று எல்லாம் நிலைகொள்ளும்வரை சுற்ற வேண்டும்.

இதில் நமக்கு நேராகத் தெரியாத எண்கள் ஏராளம். பரிமாற்ற மின்னோட்டம், அதன் கிளர்வு ஆற்றல், தொடுதடை, ஆனோடின் நுண்துளை எவ்வளவு வளைந்து நெளிகிறது என்பது. இந்த நான்கை மட்டும் அசைத்தாலே எந்த வட்டத்தின் வழியாகவும் எந்தக் கோட்டையும் ஓட்டிவிடலாம். கோடு பொருந்துவதை அதனால்தான் நான் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை.

எங்களிடம் ஒரு மாணவன் இருந்தான், ரவூப் பக்கத்துப் பையன், கெட்டிக்காரன். பத்து சென்டிமீட்டர் கலத்தைச் சமமாக இருபது துண்டாக்கி எழுதியிருந்தான். வெப்பநிலைக் கோடு நுழைவாயிலில் லேசாகத் தாழ்ந்து, பிறகு இதமாக ஏறியது. துண்டுகளை நுழைவாயிலில் மட்டும் நெருக்கிப் பாதிப் பாதியாக்கு, தாழ்வின் ஆழம் மாறாமல் நிற்கிறவரை நிறுத்தாதே என்றேன். ஒரு வாரம் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான்.

"மேடம், வோல்டேஜ் அசையவே இல்ல. ரன் டைம்தான் நாலு மடங்கு ஆயிடுச்சு."

"வெப்பநிலை?"

"அது மட்டும் ஒவ்வொரு வாட்டியும் இறங்கிட்டே போகுது."

ஐந்து மில்லிமீட்டர் அகலத் துண்டுக்குள் ரிஃபார்மிங்கின் பெரும்பகுதி நடந்து முடிந்துவிட்டால், அந்தக் குழி முழுவதும் ஒரே துண்டின் சராசரிக்குள் கரைந்துபோகும். பீங்கானுக்கு வலிக்கிற அளவை வெப்பநிலையின் சரிவு தீர்மானிக்கிறது, வெப்பநிலை தனியாக இல்லை. சரிவைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் குழியின் விளிம்புக்குள்ளேயே பல துண்டுகள் இருக்க வேண்டும். பையன் அதற்குப் பிறகு நல்ல ஆய்வேடு எழுதினான். இப்போது ஜொகூரில் வேறு வேலையில் இருக்கிறான், சம்பளமும் நல்ல சம்பளம்.

துண்டு நுணுக்கமானால் போதுமா? அங்கேதான் இந்தத் துறையின் நெடுநாள் வழக்கு. ரிஃபார்மிங் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதற்கு எந்தச் சமன்பாட்டைப் போடுவது? 1989இல் ஷூவும் ஃப்ரோமாங்கும் தந்த சமன்பாடு வேதிப்பொறியியல் படித்த எவருக்கும் மனப்பாடம். அதன் முக்கிய வினைக்குக் கிளர்வு ஆற்றல் மோலுக்கு 240 கிலோஜூல். ஆனால் அது தொழிற்சாலை வினையூக்கியில், 600 டிகிரிக்குக் கீழே, அதிக அழுத்தத்தில் அளந்தது. மின்கல ஆனோடிலேயே அளந்து 1994இல் ஆக்கன்பாக்கும் ரீன்ஷேயும் கொடுத்தது 82 கிலோஜூல். அவர்கள் கணக்கில் வேகம் மீத்தேனின் அழுத்தத்தை மட்டும் சார்ந்தது, நீராவிக்குப் பங்கே இல்லை. 2000இல் ஆஸ்திரேலியாவில் அஹமதும் ஃபோகரும் அளந்தபோது 95 கிலோஜூல் வந்தது. அதோடு நீராவியின் அடுக்கு மைனஸ் 0.35, அதாவது நீராவியைக் கூட்டினால் வினை மெதுவாகிறது.

82க்கும் 240க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். 750 டிகிரியிலிருந்து 800 டிகிரிக்குப் போங்கள். 82 போட்டால் வேகம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். 240 போட்டால் மூன்றே முக்கால் மடங்கு. திருப்பிப் போட்டால் இன்னும் சுவாரசியம்: குளிரும்போது 240காரன் தன்னைத்தானே சட்டென்று பிரேக் போட்டுக்கொள்வான், 82காரன் குளிரக் குளிரத் தின்றுகொண்டே இருப்பான். குழியின் ஆழமும் அகலமும் இதனால் அடியோடு மாறும். மின்னழுத்தம் மட்டும் இரண்டிலும் ஒரே இடத்தில் வந்து நிற்கும், ஏனென்றால் கலத்தின் கடைசிக்கு வருவதற்குள் மீத்தேன் எப்படியும் தீர்ந்துவிடும்.

எழுதிய நிரலைச் சோதித்துப் பார்க்க ஒரு பொதுக் கணக்கு உண்டு. பன்னாட்டு எரிசக்தி முகமையின் திட்டத்தில் 1990களில் பல நாட்டு மாதிரிக்காரர்கள் சேர்ந்து ஓட்டிய கணக்கு அது. ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் ஆக்கன்பாக் அதைத் தொகுத்தார். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கலம், பதினெட்டு வாய்க்கால், 900 டிகிரியில் வாயு நுழையும், சதுர மீட்டருக்கு 3000 ஆம்பியர். எரிபொருளில் மீத்தேன் 17.1 விழுக்காடு, ஹைட்ரஜன் 26.26, நீராவி 49.34, மீதி இரண்டு கார்பன் ஆக்சைடுகள். இந்த எண்கள் எனக்கு வீட்டுத் தொலைபேசி எண் மாதிரி. மீத்தேனில் முப்பது விழுக்காட்டை முன்னாலேயே உடைத்துவிட்டதாக வைத்துக்கொண்ட கலவை அது. குழியின் ஆழத்தைக் குறைக்கும் முதல் வைத்தியமும் அதுதான்: கொஞ்சத்தை வெளியே உடைத்து, மிச்சத்தை உள்ளே விடுவது.

வேறு வைத்தியங்களும் இருக்கின்றன. ஆனோடில் செம்பைக் கலந்து நிக்கலின் வேகத்தை மட்டுப்படுத்தலாம். வெளியேறும் வாயுவில் ஒரு பங்கை மீண்டும் நுழைவாயிலுக்குத் திருப்பலாம், அதில் நீராவி இருப்பதால் தனிக் கொதிகலன் வேண்டாம். காற்றின் திசையை மாற்றிப் பார்க்கலாம். டிரையர் பெரியப்பாவின் பள்ளியில் படித்த எனக்கு எதிரெதிர் ஓட்டம்தான் இயல்பாகப் பட்டது. தேயிலைக்கு அது சரி. மின்கலத்தில் எதிரெதிராக விட்டால், கலம் முழுவதும் பட்டுவந்த சூடான காற்று மீத்தேன் நுழைகிற முனையில் வந்து வெளியேறும். அங்கே ரிஃபார்மிங் இன்னும் வெறிபிடித்து ஓடும். 2004இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் அகியார், அட்ஜிமான், பிராண்டன் மூவரும் இதை விரிவாகக் கணக்கிட்டு, ஒரே திசை ஓட்டத்தில்தான் சரிவு மிதமாக இருக்கிறது என்று காட்டினார்கள். என் நிரலும் அப்படியே சொன்னது.

இந்த வேலையில் தமிழ்ப் பக்கத்து ஆட்கள் யார் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்த கே. ஆர். ஸ்ரீதரைச் சொல்வேன். அரிசோனா பல்கலைக்கழகத்தில் அவர் செய்தது தலைகீழ் வேலை: செவ்வாய்க் கோளின் கார்பன் டையாக்சைடிலிருந்து மின்சாரம் செலவழித்து ஆக்சிஜன் எடுப்பது. அதே பீங்கானைத் திருப்பிப் போட்டு 2001இல் தொடங்கிய கம்பெனிதான் இன்றைய ப்ளூம் எனர்ஜி. 2010இல் அவர்களுடைய பெட்டி வெளியுலகுக்கு வந்தது. குழாயில் வரும் இயற்கை வாயுவில் ஓடுவது. உள்ளே எந்த வேகச் சமன்பாட்டைப் போடுகிறார்கள் என்று எந்தக் கம்பெனியும் சொல்லாது, அதைக் கேட்பதும் நாகரிகமில்லை.

காரைக்குடியையும் சொல்வேன். அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நடப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தில், உருகிய கார்பனேட் கலத்தில் வேலை நடந்தது. அது வேறு சாதி. 650 டிகிரியில் ஓடும், பீங்கானுக்குப் பதில் லித்தியமும் பொட்டாசியமும் கலந்த உருகிய உப்பு. அந்த வெப்பநிலையில் ஆனோடின் நிக்கல் மட்டும் ரிஃபார்மிங்குக்குப் போதாது, தனியாக வினையூக்கி வைக்க வேண்டும். வைத்தால் உப்பின் ஆவி அதன்மேல் படிந்து அதைக் கொன்றுவிடும். அதனால் கலங்களுக்கு இடையில் தனி அறை கட்டி வினையூக்கியை ஒளித்துவைப்பார்கள். மாதிரிக்காரனுக்கு அந்த ஏற்பாடு ஒரு வரம். வினையூக்கி எங்கே எவ்வளவு இருக்க வேண்டும் என்று நாம் சொல்லலாம்; குழியை நாமே வெட்டி நாமே நிரப்பலாம்.

மலேசியாவில், பாங்கியிலுள்ள தேசியப் பல்கலைக்கழகத்தில் எரிபொருள் கலத்துக்கென்றே ஒரு கழகம் 2007 முதல் இருக்கிறது. நாடு சின்னது, துறை அதைவிடச் சின்னது. கருத்தரங்கில் எல்லோரும் எல்லோரையும் அண்ணன் தங்கை போலத் தெரிந்துவைத்திருக்கிறோம்.

தீபாவளிக்கு மலைக்குப் போனால் பேக்டரியில் வேலை செய்கிற என் மாமா மகன் விடமாட்டான். "அக்கா, உங்க பெட்டிய ஒண்ணு இங்க கொண்டாந்து வச்சா என்ன? கரண்டும் ஆச்சு, டிரையருக்குச் சூடும் ஆச்சு." நியாயமான கேள்வி. தீபாவளி மறுநாள் மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு கிலோ தூளுக்கு டிரையரில் ஏறக்குறைய இரண்டேகால் கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும். ஆவியாக்கும் வெப்பம் மட்டுமே கிட்டத்தட்ட ஒன்றரை யூனிட். டிரையர் பாதி வெப்பத்தைக் கோட்டைவிடுகிறது என்று வைத்துக்கொண்டால் மூன்று யூனிட். நூறு கிலோவாட் மின்கலம் ஐம்பது விழுக்காடு செயல்திறனில் ஓடினால் மிஞ்சும் வெப்பம் நூறு. அதில் பாதியை உருப்படியாகப் பிடிக்கலாம். ஐம்பது கிலோவாட். மணிக்குப் பதினேழு கிலோ தூள் காயும். நல்ல டிரையர் ஒன்று மணிக்கு இருநூறு கிலோவைச் சாதாரணமாகத் தள்ளும்.

"அப்ப இன்னும் நல்ல பெட்டியா கொண்டாங்க."

பெட்டி நல்லதாக நல்லதாக மின்சாரம் கூடும், சூடு குறையும். தேயிலை பேக்டரிக்கு வேண்டியது சூடு. விறகு அடுப்பை எங்கள் பெட்டியால் ஜெயிக்க முடியாது, ஜெயிக்கவும் தேவையில்லை என்று சொன்னேன். அவனுக்கு ஏமாற்றம்தான். மின்சாரத்துக்கும் அங்கே குறைச்சல் இல்லை. ரிங்லெட் அணைத் தண்ணீரைச் சுரங்கம் வழியாக இறக்கி 1963 முதல் சுல்தான் யூசுப் நிலையத்தில் நூறு மெகாவாட் எடுக்கிறார்கள். இயற்கை வாயுக் குழாய் மலையேறியதே இல்லை, எல்லா வீட்டிலும் சிலிண்டர்தான்.

அந்தக் கணக்கோடு கூடவே இன்னொன்றையும் போட்டுப் பார்த்தேன், எனக்காக. எங்கள் மலையில் தானா ராத்தா ஊர் 1440 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 85 விழுக்காடு. கலத்தின் நெர்ன்ஸ்ட் மின்னழுத்தம் அதனால் எவ்வளவு குறையும்? நான்கு மில்லிவோல்ட். அளவுமானியின் இரைச்சலில் தொலைந்துபோகும். ஆனால் புளோவர் அதே கன அளவை ஊதினால் போகிற காற்றின் எடை, மலைக் குளிர் ஈடுகட்டியது போக, பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையும். குளிர்விப்பு குறையும், கலத்தின் கடைசிப் பகுதி சூடாகும். அழுத்தம் குறைந்ததால் ரிஃபார்மிங் சமநிலைக்கும் கொஞ்சம் சாதகம். மின்னழுத்தக் கோட்டை மட்டும் பார்க்கிறவருக்கு மலையும் சமவெளியும் ஒன்று.

இப்போது எங்கள் கவனம் மலையடிவாரத்தில். செம்பனை ஆலைகளின் கழிவுநீர்க் குளங்களிலிருந்து வரும் உயிர்வாயுவில் மீத்தேன் அறுபது விழுக்காட்டுக்கு மேல், மிச்சம் பெரும்பாலும் கார்பன் டையாக்சைடு. டன் கழிவுநீருக்கு ஏறக்குறைய 28 கன மீட்டர் வாயு என்பது ஆலைக்காரர்களின் வாய்க்கணக்கு. அதிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு ஆயிரக்கணக்கான பிபிஎம் வரை போகும். நிக்கலுக்கு ஒரு பிபிஎம்கூட அதிகம், அதனால் சுத்திகரிப்பே பாதிச் செலவு. என் தலைவலி வேறு. கார்பன் டையாக்சைடோடு மீத்தேன் சேர்ந்தால் விழுங்கும் வெப்பம் மோலுக்கு 247 கிலோஜூல், நீராவியோடு சேர்வதைவிட அதிகம். குழி இன்னும் ஆழம். நீராவி பற்றாவிட்டால் கரி படியும், அதனால் நீராவி சேர்த்தாக வேண்டும். சேர்த்தால் வினை வேகமாகுமா, மெதுவாகுமா? அந்த அடுக்கு பூஜ்யமா, மைனஸ் 0.35ஆ?

எங்கள் கூடத்தில் ஒரு பொத்தான் அளவுக் கலத்தை வைத்து, நீராவியை மட்டும் படிப்படியாகக் கூட்டி, வெளியே வரும் வாயுவை அளந்துகொண்டிருக்கிறோம். மின்னோட்டம் ஓடாதபோது ஒரு முறை, ஓடும்போது ஒரு முறை, ஏனென்றால் ஓடும்போது கலமே நீராவியை உண்டாக்கிக் கணக்கைக் குழப்பும். அந்த எண் கைக்கு வரும்வரை எங்கள் கட்டுரைகளில் வெப்பநிலைப் படத்தில் இரண்டு கோடு போடுகிறோம், சமன்பாட்டுக்கு ஒன்றாக. ஒரு நடுவர் அதைப் பார்த்துவிட்டு, இரண்டில் எது சரியென்று முடிவு செய்துவிட்டு அனுப்புங்கள் என்று திருப்பி அனுப்பினார். இரண்டு கோடும் முதல் ஒரு சென்டிமீட்டரில் 40 டிகிரி விலகி நிற்கின்றன. அந்த இடைவெளிதான் எங்களுக்கு இன்று தெரிந்தது என்று பதில் எழுதி, இரண்டையும் அப்படியே விட்டு மறுபடி அனுப்பியிருக்கிறோம்.